மழையை அங்கீகரிக்கும் குழு

“மழை பெய்யும்போது இணைப்பின் வேகத்தைக் குறைக்க விடுங்கள்” என்று நான் கேட்டேன்.

மாதக் கூட்டம் அது. ரொறன்ரோ பே ஸ்ரீட்டில் எங்கள் தலைமை அலுவலகத்தின் மேல்மாடி. நீளமான மேசையின் நடுவில் கேக். அதன் மேல் நீல ஐசிங்கில் ‘நூறு வீதம்’ என்று எழுதியிருந்தது. வெட்டுவதற்காகத் துணைத் தலைவர் கத்தியை எடுத்திருந்த நேரம். கத்தி அந்தரத்திலேயே நின்றது. சட்டப் பிரிவுக்காரர் தன் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். விளம்பரப் பிரிவு அம்மையார் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளை பொது இடத்தில் சட்டையைக் கழற்றினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

பக்கத்தில் இருந்த இராஜரட்ணம் அங்கிள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார்.

இந்தக் கம்பனியில் எதையும் கேட்கலாம். சம்பள உயர்வு கேட்கலாம், தரமாட்டார்கள், ஆனால் கோபிக்கமாட்டார்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லி மட்டும் கேட்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, காரை நிறுத்திவிட்டு இறங்க முதல், இராஜரட்ணம் அங்கிள் சொன்னார்: “பிள்ளை, நீ வாய்க்காரி எண்டு கொப்பர் சொன்னவர். என்னத்தையும் கதை. ஆனா அந்த ஒண்டை மட்டும் கேட்டிடாதை. முந்தி ஒருத்தன் கேட்டவன்.”

“கேட்டவருக்கு என்ன நடந்தது அங்கிள்?”

“பதவி உயர்வு குடுத்தவை. ஒரு வேலையும் இல்லாத பதவி. பிறகு அவனாப் போயிட்டான்.”

அங்கிள் இயக்கப் பிரிவின் முகாமையாளர். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர். என் அப்பா சீமோன், விமானநிலையத்தில் பயணிகள் இறங்கிய விமானங்களைக் கூட்டித் துடைப்பவர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்து முடித்தால் சொல்வதைக் கேட்பார்கள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன்.

கம்பனியின் வேலை இதுதான். மிசிசாகாவில் எங்களுக்கு ஒரு பெரிய டிஷ் இருக்கிறது. ஒன்ராறியோவின் வடக்கே, வீதியே போகாத ஊர்களில், ஊருக்கொரு சின்ன டிஷ். இரண்டுக்கும் நடுவில் செய்மதி. அந்த ஊர்களில் வைத்தியர் கிடையாது. ஒரு சிறிய மருத்துவ நிலையமும் ஒரு நேர்சும்தான். அவர்களுடைய ரெலிபோன், எக்ஸ்ரே படம், நகரத்து வைத்தியரின் குரல் எல்லாமே எங்கள் டிஷ்ஷுக்குள்ளால்தான் போய்வர வேண்டும். மிசிசாகாவில் அடைமழை பிடித்தால் சமிக்ஞை தேய்ந்துபோகும். அப்போது ஆயிரம் மைலுக்கு அப்பால், வெயில் எறிக்கும் ஊரில், ரெலிபோன் செத்துவிடும்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. வைத்தியத்தைக் கம்பனியே வாங்கியும் வைத்திருந்தது. புதிதாக வந்த மோடங்கள் வானத்தைப் பார்த்து நடக்கத் தெரிந்தவை. வானம் வெளிப்பாக இருக்கும்போது ஒரே மூச்சில் நிறைய அனுப்பும். மழை வந்து சமிக்ஞையில் இரைச்சல் கூடினால் அனுப்பும் முறையை, அதாவது குறியாக்கத்தையும் பண்பேற்றத்தையும், தானாகவே மாற்றிக்கொள்ளும். கொஞ்சமாக அனுப்பும், அனுப்பியது பழுதாகாமல் இருக்கக் காப்பும் சேர்த்து அனுப்பும். மழை விட்டால் பழையபடி ஓடும். கம்பனி அதை வாங்கியதற்குக் காரணம் போட்டிக் கம்பனி வாங்கியது. வாங்கியதும் அந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள்.

இது ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. என் அம்மா கிளடிஸ் தினமும் செய்வதுதான். வோபர்னில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருந்து அம்மா வவுனியாவில் அகதி முகாமில் இருக்கும் தன் அக்காவோடு கதைப்பா. லைன் தெளிவாக இருந்தால் பங்குத்தந்தையின் குறைகள் தொடக்கம் பக்கத்து வீட்டு விவாகரத்து வரை கதை ஓடும். லைன் இரையத் தொடங்கினால் அம்மா கதையை வெட்டிவிடுவா. “அக்கா! மருந்து! மருந்து கிடைச்சுதோ? ம-ரு-ந்-து!” பதில் வரும். அதுதான் வேண்டும். எங்கள் கம்பனியிடம் கேட்டால், அம்மா விவாகரத்துக் கதையை அதே வேகத்தில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது ரிசீவரை வைத்துவிட வேண்டும் என்பார்கள்.

நான் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்திய கிழமை ஒரு இடிமழை. வடக்கே ஒரு நேர்ஸ், பேர்ணடெற் என்று பெயர், அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண், காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தைக்கு மருந்து எவ்வளவு கொடுப்பது என்று வைத்தியரிடம் கேட்டிருக்கிறார். வைத்தியர் “கொடு” என்றார். எவ்வளவு என்று சொல்ல முதல் லைன் செத்துவிட்டது. மழை விட்ட பிறகு பேர்ணடெற் எங்கள் மிசிசாகா நிலையத்துக்கு அழைத்தபோது நான்தான் எடுத்தேன்.

“நான் ஊகித்தேன்” என்றார். “சரியாக ஊகித்துவிட்டேன். அடுத்த முறை யார் ஊகிப்பது, நீயா நானா?”

அந்த மாதத்துக்குத்தான் நூறு வீதம் என்று கேக்.

துணைத் தலைவர் கத்தியை மெதுவாக மேசையில் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்கு ஞாபகம் இருக்கும். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பாஷையில் சொன்னால் இப்படி வரும்:

“எமில்டா, உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இணைப்புக்கு இரண்டே நிலைகள். முழு வேகத்தில் ஓடினால் பச்சை. மழையில் அறுந்தால் சாம்பல். சாம்பல் என்பது கடவுளின் செயல். அது எங்கள் கணக்கில் வராது. ஆனால் இணைப்பு உயிரோடு இருந்துகொண்டு மெதுவாக ஓடினால், அது யாருடைய செயல்? எங்களுடையது. மெதுவான சேவைக்காக எங்கள்மேல் வழக்குப் போடலாம். இறந்த சேவைக்காகக் கடவுள்மேல் யார் வழக்குப் போடுவது?”

“அப்படியென்றால் செத்துப்போவது நல்லதா?”

“செத்துப்போவது சுத்தமானது” என்றார் சட்டப் பிரிவுக்காரர்.

பிறகு கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். ‘வீதம்’ என்ற சொல்லின் பாதி என் துண்டில் வந்திருந்தது.

ஆனால் கேட்ட கேள்வியைக் கேட்காததுபோல விட்டுவிட அவர்களால் முடியவில்லை. கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. அதனால் கம்பனி என் கோரிக்கையை நேர்மையாகப் பரிசோதிக்க முடிவு செய்தது. ஓர் உபகுழு அமைத்தார்கள். ஒரே ஒரு ஊரின் இணைப்பில், பேர்ணடெற்றின் ஊரில், அந்த வசதியை ஒரு நாளைக்கு மட்டும் திறந்து பார்க்கலாம் என்றார்கள். எந்த நாள் என்பதில் உபகுழுவுக்குள் வாக்குவாதம். மழை நாளில் பரிசோதித்தால் மழை குறுக்கிட்டு முடிவைக் கெடுத்துவிடும் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். வானிலை அறிக்கை பார்த்து, ஒரு முகில்கூட இல்லாத நாளைத் தெரிந்தெடுத்தார்கள்.

அன்று முழுக்க நல்ல வெயில். மோடம் எதையும் மாற்றவில்லை. மாற்ற என்ன இருக்கிறது? மாலையில் உபகுழுவின் முடிவு வந்தது: ‘இவ்வசதியால் எவ்வித பயனும் தென்படவில்லை.’

“உங்களுக்கு விசரா?” என்று நான் இராஜரட்ணம் அங்கிளிடம் கேட்டேன். காரில், 401 நெடுஞ்சாலையில், வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. “குடை வேலை செய்யுதோ எண்டு வெயிலுக்கை பிடிச்சுப் பாக்கிற ஆக்களை நான் இண்டைக்குத்தான் காணுறன்.”

“கத்தாதை பிள்ளை. கண்ணாடி திறந்திருக்கு.”

“நீங்கள் இஞ்சினியர்தானே அங்கிள்? உங்களுக்குத் தெரியுந்தானே?”

“தெரியும்.”

“பேந்து ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?”

அவர் கியரை மாற்றினார், மாற்றத் தேவையே இல்லாத இடத்தில். “நான் இஞ்ச வந்த புதுசிலை கோட்டல்ல பிளேற் கழுவினனான். தெரியுமோ? யூனியன்வில்லிலை வீடு வாங்கினாப்பிறகு எனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் நான் சொல்லுறேல்லை. நீயும் வீடு வாங்கினால் விளங்கும்.”

அடுத்த கிழமை என்னை ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். ‘மெது’ என்ற பொருள் வரும் சொற்களை வாடிக்கையாளரிடம் பாவிக்காமல் பேசுவது எப்படி என்று அதில் சொல்லித் தந்தார்கள். ‘அமைதியான வேகம்’ என்று சொல்லலாம் என்றார் ஆலோசகர். சட்டப் பிரிவுக்காரர் அதையும் தடை செய்தார். அமைதியாக இருப்பது இறந்தவைக்கு மட்டும் உரியது என்று விளக்கம் வந்தது.

ஜூலை வந்தது.

அன்று மத்தியானமே வானம் மேற்கில் கறுத்துக்கொண்டு வந்தது. நானும் அங்கிளும் மிசிசாகா நிலையத்தில் இருந்தோம். பேர்ணடெற் அழைத்தார். அவர் குரலில் அவசரம் இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“எமில்டா, இங்கே ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளை சுகம். தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. விமானம் வெளிக்கிட்டுவிட்டது, வர நேரம் எடுக்கும். மற்ற லைனில் வைத்தியர் சொல்லச் சொல்லச் செய்கிறேன். இந்த ரிசீவரை மேசையில் போட்டுவிட்டுப் போகிறேன். அறுபடப் போகிறது என்றால் கத்து. முன்கூட்டியே கத்து.”

“அங்கே மழையா?”

“இங்கே வெயில்” என்றார். “உங்கள் பக்கம்தான் எப்போதும் பிரச்சினை.”

ரிசீவர் மேசையில் தட்டுப்படும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் அவர் குரல். வைத்தியரின் சொற்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி போட்டாயிற்று. அழுத்தம் குறைகிறது. யாரோ ஒரு கிழவி அவர்களுடைய மொழியில் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. திரையில் சமிக்ஞைக் கோடு சரியத் தொடங்கியது.

விதிப்படி, மழை என்றால் மழையை அங்கீகரிக்கும் குழுவைக் கூட்ட வேண்டும். சாம்பல் நிறம் செல்லுபடியாவதற்கு, மழை பெய்தது என்று தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அங்கிள் ஒலிபெருக்கித் தொலைபேசியை அழுத்தினார். பே ஸ்ரீட்டில் இருந்து துணைத் தலைவர், சட்டப் பிரிவுக்காரர், விளம்பரப் பிரிவு அம்மையார் மூவரும் லைனில் வந்தார்கள்.

“மிசிசாகாவில் கடும் மழை” என்றார் அங்கிள்.

“இங்கே எங்கள் ஜன்னலில் வெயில்தான் தெரிகிறது” என்றார் துணைத் தலைவர்.

“இது மழையா, தூறலா?” என்று கேட்டார் சட்டப் பிரிவுக்காரர். “தூறலுக்குக் கடவுள் பொறுப்பில்லை.”

கூரையில் கல்லை அள்ளிக் கொட்டுவதுபோல் மழை. நான் ஒலிபெருக்கியை ஜன்னலருகே தூக்கிப் பிடித்தேன்.

“அது மழைச் சத்தமா, ஏர்கண்டிஷனா?”

விளம்பரப் பிரிவு அம்மையாரும் தன் கருத்தைச் சொன்னார். மழை என்ற சொல் வாடிக்கையாளர் மனதில் சோர்வை உண்டாக்குகிறதாம். ‘வானத்தின் ஈரம்’ என்று பதிய முடியாதா?

மற்றக் காதில் ரிசீவர். பேர்ணடெற்றின் குரல் நடுநடுவே வெட்டுப்படத் தொடங்கியிருந்தது. “ஒரு கை வயிற்றுக்கு மேலே... சரி. வைத்துவிட்டேன். மற்றக் கை? டொக்டர்? மற்றக் கையை எங்கே—”

நான் ஒலிபெருக்கியை மேசையில் அடித்து வைத்தேன். “ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வசதியைத் திறக்க அனுமதி தாருங்கள். இப்போதே.”

மறுபக்கத்தில் துணைத் தலைவரின் குரல், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் அதே மென்மையோடு.

“எமில்டா, இந்தச் சூழ்நிலையில்தான் நாங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இணைப்பு இயல்பாக அறுந்தால், அந்தப் பெண்ணுக்கு நடப்பது இயற்கை. இணைப்பு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஏதாவது நடந்தால், அந்த நேரம் நாங்கள் அங்கே இருந்ததாகிவிடும். எங்களை ஏன் அங்கே கொண்டுபோகிறீர்கள்?”

“சரியாகச் சொன்னீர்கள்” என்றார் சட்டப் பிரிவுக்காரர். “இப்போது மழையை அங்கீகரிக்க வாக்கெடுக்கலாம்.”

நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமிக்ஞைக் கோடு தரையைத் தொடப் போகிறது.

“அங்கிள். பாஸ்வேர்ட்.”

“பிள்ளை, வேண்டாம்.”

“அங்கிள்!”

“என்னைக் கேக்காதை. நான் சொல்லமாட்டன்.” அவர் எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். “நான் மழை பாக்கிறன். நீ என்ன செய்யிறாய் எண்டு எனக்குத் தெரியாது.”

அவருடைய கணினி திறந்தபடி கிடந்தது.

நான் அவருடைய கதிரையில் இருந்தேன். பூட்டை எடுத்தேன். மோடம் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. அதற்கும் கீழே இன்னொன்று. எக்ஸ்ரே படங்களை விட்டது, கணினித் தகவல்களை விட்டது, குரலை மட்டும் கையில் பிடித்துக்கொண்டது.

ரிசீவருக்குள் எதுவும் இல்லை. அந்த மூன்று பேரும் ஒலிபெருக்கியில் மழைக்கு ஆதரவாக வாக்களித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, தகரப் பேணிக்குள் இருந்து கதைப்பதுபோல், மெல்லிய ஒரு குரல்: “—உள்ளே. சரி. முஷ்டி. அழுத்துகிறேன். விடமாட்டேன். விடமாட்டேன் டொக்டர், சொல்லிக்கொண்டே இருங்கள்.”

பே ஸ்ரீட் அலுவலகச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று இருக்கிறது. பச்சைப் புள்ளி அல்லது சாம்பல் புள்ளி. மெதுவாக ஓடும் இணைப்புக்கு நிறம் எதுவும் வைக்கப்படவில்லை. அதனால் பேர்ணடெற்றின் ஊர் வரைபடத்தில் இருந்து காணாமல் போனது.

“அந்த ஊர் எங்கே?” என்று துணைத் தலைவர் ஒலிபெருக்கியில் அங்கிளிடம் அலறினார். இடி முழங்கியபோதுகூட அசையாத மனிதர். “ராஜ்! ஊரைக் காணவில்லை! ஊர் எங்கே போனது?”

“அங்கேயே இருக்கிறது” என்றேன். “கதைத்துக்கொண்டிருக்கிறது.”

மழை விட்டபோது பேர்ணடெற் ரிசீவரை எடுத்தார். “கை விறைத்துப்போய்விட்டது. விமானச் சத்தம் கேட்கிறது. அவள் கண் திறந்திருக்கிறாள்” என்றார். நான் ரிசீவரை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய் அழுதேன். திரும்பி வந்தபோது அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. என் மேசையில் ஒரு கோப்பி இருந்தது.

என்னை வேலையில் இருந்து நீக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். நான் இன்னும் இவர்களைப் படிக்கவில்லை. நீக்கினால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் இணைப்பு மெதுவாக ஓடியது உண்மையாகிவிடும். கம்பனி உண்டான நாள் முதல் நடக்காத ஒன்று நடந்ததாகிவிடும். ஆகவே அவர்கள் வேறு வழி தேடினார்கள். நடந்தது நடக்கவில்லை.

முதலில் பேர்ணடெற்றுக்கு ஒரு விருது போனது. பித்தளைத் தகடு, கண்ணாடிச் சட்டம். அதை வாசித்துக் காட்ட அவர் எனக்கு அழைத்தார்.

“‘தொடர்பு முற்றாக அறுந்த நிலையிலும், எவருடைய உதவியும் இன்றி, தனித்து நின்று ஓர் உயிரைக் காப்பாற்றிய துணிவுக்காக’ என்று போட்டிருக்கிறது” என்றார். “எமில்டா, என் காதுக்குள் ஒரு மனிதன் கத்திக்கொண்டே இருந்தானே, அது யார்?”

“யாரும் இல்லை” என்றேன். “கம்பனி அப்படித்தான் சொல்லப்போகிறது.”

“இன்னுமொருத்தி அடுத்த மாதம் பெறப்போகிறாள். அப்போதும் யாரும் இல்லையா?”

மோடத்தை மழை பெய்த அன்று மாலையே பழையபடி பூட்டியிருந்தார்கள்.

பிறகு என்னைப் பே ஸ்ரீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

கூட்ட அறைக்கு வெளியே அங்கிள் காத்திருந்தார். கழுத்துப் பட்டி இறுக்கமாக இருந்தது.

“பிள்ளை, ஒரு கையெழுத்துத்தான். அந்த நேரம் லைன் செத்துக் கிடந்தது எண்டு. அவ்வளவுதான். உனக்குப் பதவி உயர்வும் தருகினம்.”

“வேலை இல்லாத பதவியோ?”

“பகிடி விடாதை. என்ரை கொம்பியூட்டரிலை நடந்தது. நீ போடாட்டி அடுத்தது என்னைத்தான் கேப்பினம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அவள் பிழைச்சிட்டாள்தானே? ஒருத்தருக்கும் நட்டமில்லை. ஏன் உண்மையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?”

“அங்கிள், மற்ற ஊருகளிலையும் ஆக்கள் இருக்கினம்.”

“அவைக்கும் மழை விடும்” என்றார்.

அங்கிளும் என் பின்னால் வந்தார். உள்ளே மூவரும் இருந்தார்கள். கேக் இல்லை. மேசையில் ஒரு தாளும் நல்ல பேனாவும். சட்டப் பிரிவுக்காரர் தாளை என் பக்கம் தள்ளினார்.

“இணைப்பு இறந்திருந்தது என்று சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் பிழைத்துக்கொள்வோம்.”

“அப்படியென்றால் அந்த வைத்தியர் யாரோடு கதைத்தார்?”

“அவரோடும் பேசிவிட்டோம். வைத்தியர் அந்நேரம் பொதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.”

“பொதுவாக?”

“யாரையும் நோக்கி அல்லாமல்.”

துணைத் தலைவர் முன்னால் சாய்ந்தார். “எமில்டா, நீங்கள் திறமைசாலி. உங்களைப்போல் வந்தவர்களுக்கு இந்த நாடு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நாங்களும் திறந்தோம். ஒரு நிறுவனம் என்பது நம்பிக்கை. எங்கள் வாடிக்கையாளர்கள் எங்களிடம் எதிர்பார்ப்பது சேவையை இல்லை, நூறு வீதத்தை. சேவைக்காக நூறு வீதத்தைப் பலிகொடுத்தால், நாளைக்கு எங்களிடம் மிஞ்சப்போவது என்ன? சேவை மட்டும்தான்.”

சொல்லி முடித்துவிட்டு, தான் சொன்னது நன்றாக இருந்தது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். விளம்பரப் பிரிவு அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் அதை எழுதிக்கொண்டார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். மிசிசாகாப் பக்கம் வானம் ஈயம்போல் இருந்தது. இங்கேயும் கண்ணாடியில் ஒன்றிரண்டு துளி.

அங்கிளின் பையில் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்தார். கேட்டார்.

“மிசிசாகா” என்றார், ஆங்கிலத்தில், யாரையும் பார்க்காமல். “கடும் மழை. அவர்கள் திரையிலும் வரைபடம் வெறுமையாக இருக்கிறதாம்.”

“எந்த ஊர்?” என்றார் துணைத் தலைவர்.

“எல்லா ஊரும்” என்றேன் நான். “காலையில் இங்கே வருவதற்கு முதல் மிசிசாகாவுக்குப் போய் எல்லா மோடத்தையும் திறந்துவிட்டேன். அன்று பூட்டை எடுத்தபோதே எனக்கென்று ஒரு பாஸ்வேர்ட் வைத்துக்கொண்டேன்.”

சட்டப் பிரிவுக்காரர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “பூட்டுங்கள்! இந்த நிமிஷமே பூட்டுங்கள்!”

“பூட்டலாம்” என்றேன். “பூட்டினால் எல்லா ஊரும் ஒன்றாக அறுந்துபோகும். இப்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிறதை ஒரு ஆள் கைவைத்து நிறுத்தினால், அது யாருடைய செயல் என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் துறை.”

சட்டப் பிரிவுக்காரர் தன் வேலையைத் தெரிந்தவர். கணக்கு அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மெல்லக் கதிரையில் இருந்தார்.

துணைத் தலைவர் விளம்பரப் பிரிவு அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் தன் நகங்களைப் பார்த்தார். கடைசியில் எல்லோரும் அங்கிளைப் பார்த்தார்கள்.

“ராஜ்” என்றார் துணைத் தலைவர். “நீங்கள் மிசிசாகாவுக்குச் சொல்லுங்கள். பூட்டச் சொல்லுங்கள்.”

அங்கிள் தொலைபேசியைக் காதில் இருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “எழுத்தில் தாருங்கள் சேர்” என்றார். “உங்கள் கையெழுத்தோடு தாருங்கள். என் பெயரில் வேண்டாம்.”

துணைத் தலைவர் பேனாவைப் பார்த்தார். எனக்காக வைத்த நல்ல பேனா. அதை யாரும் தொடவில்லை.

அங்கிளுடைய பயம் அத்தனை வருஷத்தில் முதல்தரமாக ஒரு உருப்படியான காரியம் செய்தது.

நான் எழுந்தேன். கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றித் தாளின் மேல் வைத்தேன்.

“எங்க பிள்ளை போறாய்?” அங்கிள் தமிழில் கேட்டார். அந்த அறைக்குள் அவர் தமிழில் கதைத்து நான் கேட்டதே இல்லை. “இன்னும் கூட்டம் முடியேல்லை.”

“எனக்கு முடிஞ்சுது அங்கிள். வீட்டை விடிய வெளிக்கிடேக்கையே முடிஞ்சுது.”

கதவைச் சாத்தும்போது உள்ளே சட்டப் பிரிவுக்காரர், இப்போது பெய்வதை அங்கீகரிப்பதா இல்லையா என்று வாக்கெடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் கீழே வந்தது. வாசலில் காவலுக்கு இருப்பவர் அன்புராசா அண்ணை. புத்தகம் ஒன்றை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளியே பே ஸ்ரீட் வெள்ளையாக மறைந்துகொண்டிருந்தது.

“பிள்ளை, வெளியிலை நல்ல மழை. குடை கொண்டு வந்தனியே?”

அந்தக் கட்டடத்தில், கூட்டம் கூட்டாமல் மழை பெய்கிறது என்று சொன்ன முதல் மனிதர்.

“இல்லை அண்ணை” என்றேன். “பரவாயில்லை.”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.